தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்குப் பம்ப் இயக்கக் கற்றுத்தருவது: எங்கிருந்து தொடங்குவது?

சஸ்குவெஹன்னா தமிழன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பகலில் கணினி வேலை பார்க்கிறேன். அழைப்பு வந்தால் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவோடு கிளம்பிவிடுவேன். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மாநிலத்தில் இது வேரூன்றிய வழக்கம். எங்கள் குழுவிலும் விவசாயி, பள்ளி ஆசிரியர், மின்பணியாளர், கடைக்காரர் எனப் பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வண்டியின் பம்பை இயக்கக் கற்றுத்தரும் வேலையில் பயிற்சி அலுவலருக்கு உதவியாக இருக்கும்படி இந்த ஆண்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் முதல் வண்டியில் 1,000 கேலன் தொட்டியும், நிமிடத்துக்கு 1,250 கேலன் தரக்கூடிய பம்பும் இருக்கின்றன. ஊரின் மையத்தில் சில தெருக்களில் மட்டுமே ஹைட்ரன்ட் (தீயணைப்புக்கான தெருக் குழாய்) உண்டு. அதைத் தாண்டிவிட்டால் குளத்திலோ ஓடையிலோ சக்‌ஷன் ஹோஸை இறக்கி உறிஞ்ச வேண்டும்; இல்லையென்றால் டேங்கர் வண்டிகள் மாறி மாறிக் கொண்டுவந்து கொட்டும் மடக்குத் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். ஹோஸுக்குள் உரசி ஓடுவதால் தண்ணீர் இழக்கும் அழுத்தத்தைக் கணக்கிடும் உராய்வு இழப்புச் சூத்திரத்தை வகுப்பில் தடையின்றிச் சொல்பவர்கள், பம்பை இயக்கும் பேனலின் முன்னால் நின்றதும் திகைத்துப் போகிறார்கள். அண்மையில் குளத்துக் கரையில் நடந்த பயிற்சியில், தண்ணீர் குறைகிறது என்று ஹோஸின் பீய்ச்சுமுனையான நாசிலைப் பிடித்திருந்தவர் ரேடியோவில் சொன்னதும், பேனலில் நின்றவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை ஏற்றிக்கொண்டே போனார். எஞ்சின் இரைச்சல் கூடியதே தவிர அழுத்தமானியின் முள் மேலே போகவில்லை. பம்புக்குள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற சத்தம் எழுந்த பிறகுதான் பயிற்சி அலுவலர் ஓடிவந்து த்ராட்டிலைக் குறைத்தார். சக்‌ஷன் ஹோஸின் வடிகட்டியை இலைகள் மூடியிருந்தன. பேனலில் நின்ற அந்தப் பயிற்சி பெறுபவர் கெட்டிக்காரர், எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்றவர். ஆனாலும் கண்ணெதிரே இருந்த அழுத்தமானி, வெற்றிடமானி ஆகிய இரண்டின் முள்களும் தமக்கு என்ன சொல்கின்றன என்பது அவருக்குப் புரியவில்லை.

வாரத்தில் ஒரு மாலை மட்டுமே கையில் இருக்கும்போது எந்த வரிசையில் கற்பிப்பது? கணக்கை எவ்வளவு தூரம் வற்புறுத்துவது? பம்பைக் கெடுக்காமல் கோளாறுகளைக் காட்டிக் கற்பிக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் குழுவுக்குப் பேருதவியாக இருக்கும்.

பழைய எஞ்சின் ஓட்டுநர்

தம்பி, நியூ ஜெர்சியில் ஒரு தன்னார்வக் குழுவில் நெடுங்காலம் எஞ்சின் ஓட்டிவிட்டு இப்போது பயிற்சி தருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கணக்கிலிருந்து தொடங்குவதே நீங்கள் சொல்லும் திகைப்புக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியாகப் போய் எங்கே வெளியேறுகிறது என்ற படம் மனத்தில் பதியாதவருக்கு எண்கள் எந்த உதவியும் செய்யாது.

முதல் மாலையில் எஞ்சினை இயக்கவே வேண்டாம். வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, பம்பை மூடியிருக்கும் பக்கத் தகடுகளைத் திறந்துவிட்டு, தொட்டியின் அடியில் தொடங்கி, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வு, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் சுழலும் கூடு, ஒவ்வொரு ஹோஸுக்கும் பிரியும் டிஸ்சார்ஜ் (வெளியேறு) வால்வு, மீண்டும் தொட்டிக்கே தண்ணீரைத் திருப்பும் வால்வு என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டே அவர்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வால்வு மூடியிருந்தால் எந்த முள் எப்படி நடந்துகொள்ளும் என்று இடையிடையே கேளுங்கள். பதில் தவறினால் திருத்தாமல் அடுத்தவரைக் கேளுங்கள். அவர்களுக்குள் எழும் விவாதமே நல்ல பாடமாகிவிடும்.

அடுத்தது பம்பை இணைப்பது. பார்க்கிங் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பம்ப் ஷிஃப்டை மாற்றி, அது முழுமையாக மாறும்வரை காத்திருந்து, பிறகு டிரைவில் போட்டு, பச்சை விளக்கு எரிகிறதா, வண்டி நின்றிருக்கும்போதே வேகமானி முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகலாம் அல்லது பம்புக்குப் போகலாம் என்பதைப் புரிந்துகொண்டவர் இந்த வரிசையை மறக்கமாட்டார். ஷிஃப்ட் பாதியில் நிற்கும்போது பேனலில் த்ராட்டிலை ஏற்றினால் வண்டி நகர்ந்துவிடும். முன்னால் நிற்பவர் அதில் சிக்கிக்கொள்வார். சக்கரக் கட்டைகள் வைக்காமல் ஒருவரும் பேனலைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

மூன்றாவதாக, அழுத்தமும் பாய்வும் ஒன்றல்ல என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். ஒரு ஹோஸில் தண்ணீரைப் பாயவிட்டு, நாசிலை மூடச் சொல்லுங்கள். ஒரு சொட்டும் வெளியேறாத நிலையிலும் டிஸ்சார்ஜ் முள் கம்பீரமாக நிற்கும். பிறகு நாசிலைத் திறந்துவிட்டு ஹோஸை நடுவில் மடக்கிப் பிடிக்கச் சொன்னால் பேனலில் அழுத்தம் ஏறும், நாசிலில் தண்ணீர் இளைக்கும். முள் சரியாக இருக்கிறது, எனவே உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் போகிறது என்று நினைப்பவர்தான் மிக ஆபத்தான இயக்குநர்.

இவ்வளவும் ஆன பிறகு கணக்கு. உங்கள் வண்டியில் ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸ் 200 அடி இருக்கும் என்று கொள்வோம். நூறு கேலன்களில் சொல்லப்படும் பாய்வை அதே எண்ணால் பெருக்கி (150 கேலன் என்றால் 1.5 × 1.5), அதை ஹோஸின் குணகமான 15.5-ஆலும், நூறு அடிகளில் சொல்லப்படும் நீளத்தாலும் பெருக்கினால் உராய்வு இழப்பு கிடைக்கும். நிமிடத்துக்கு 100 கேலனுக்கு இழப்பு 31 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 31 பவுண்டு). 150 கேலனுக்கு ஏறத்தாழ 70. 200 கேலனுக்கு 124. பாய்வு இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது என்பதை அவர்களே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கட்டும். 100 பிஎஸ்ஐ கேட்கும் ஃபாக் நாசிலோடு (தண்ணீரைத் தூவலாக அடிப்பது) 150 கேலன் அனுப்ப வேண்டுமென்றால் பேனலில் 170 பிஎஸ்ஐ வைக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் கூடுதலாக 5 சேர்க்க வேண்டும். 250 கேலன்கூட இரண்டரை அங்குல ஹோஸில் நூறு அடிக்குப் பன்னிரண்டரை பிஎஸ்ஐ இழப்போடு போய்விடும் என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எப்போது பெரிய ஹோஸை எடுக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

ஆனால் தீ எரியும் இடத்தில் யாரும் பெருக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. உங்கள் வண்டியில் நிரந்தரமாக மடித்து வைத்திருக்கும் ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் ஒரு சனிக்கிழமை விரித்துப் போட்டு, பாய்வுமானியும் நாசில் முனையில் ஓர் அழுத்தமானியும் வைத்து அளந்து, கிடைத்த எண்ணை அந்தந்த வால்வின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். இன்றைய ஹோஸ்களின் உண்மையான இழப்பு, தயாரிப்பைப் பொறுத்துப் புத்தகக் குணகத்திலிருந்து கணிசமாக வேறுபடும். எனவே அளந்து ஒட்டிய எண்ணே நம்பத்தக்கது. வழக்கத்துக்கு மாறாக ஹோஸை நீட்டவோ பிரிக்கவோ நேரும்போதுதான் சூத்திரம் தேவைப்படும். அதற்காகவே அதைக் கற்க வேண்டும்.

இன்னொன்று. தொட்டித் தண்ணீர் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதை முதல் வால்வைத் திறக்கும்போதே உரக்கச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். 1,000 கேலன், நிமிடத்துக்கு 150 என்றால் ஏழு நிமிடம்கூட இல்லை. இரண்டாவது ஹோஸ் திறந்தால் அது பாதியாகிவிடும்.

கோவைப் பம்ப் பொறியாளர்

தீயணைப்புப் பணியில் எனக்கு அனுபவம் இல்லை. மையவிலக்குப் பம்ப் வடிவமைப்பிலும் சோதனையிலும் பணியாற்றுகிறேன். கேள்வியில் சொல்லப்பட்ட குளக்கரை நிகழ்வு என் துறைக்குள் வருவதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊரில் கிணற்று மேட்டில் மோட்டார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஃபுட் வால்வு ஒழுகிவிட்டால் குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் மோட்டார் தண்ணீர் ஏற்றாது. தீயணைப்பு வண்டியில் இருப்பதும் அதே இனத்துப் பம்ப்தான். மையவிலக்குப் பம்பால் காற்றை வெளியேற்ற முடியாது. ஆகவே முதலில் பிரைமர் என்ற சிறிய பம்ப் உள்ளிருக்கும் காற்றை வெளியே எடுக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் குளத்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதனால் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம், கணக்கின்படி, ஏறத்தாழ 34 அடி. குழாய் உராய்வும் வடிகட்டியின் தடையும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. அமெரிக்கத் தரநிலைப்படி ஒரு பம்பின் முழுத்திறன் 10 அடி உயரத்துக்கு உறிஞ்சும் நிலையில், 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அளக்கப்படுகிறது. 200 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் அதே பம்ப் 70 விழுக்காடும், 250-க்கு ஏற்றினால் 50 விழுக்காடும்தான் தர வேண்டியிருக்கும். உங்கள் 1,250 கேலன் பம்பிலிருந்து எந்த நிலையிலும் 1,250 கேலன் கிடைக்கும் என்று பயிற்சி பெறுபவர்கள் எண்ணிவிடக்கூடாது.

இப்போது முக்கியமான செய்தி. உறிஞ்சும்போது இடப்பக்கத்து வெற்றிடமானியைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தண்ணீருக்கடியில் நடப்பது தெரிந்துவிடும். அந்த மானி காட்டும் ஓர் அங்குலப் பாதரசம் என்பது 1.13 அடித் தண்ணீருக்குச் சமம். எனவே குளத்து நீர்மட்டத்திலிருந்து பம்ப் 10 அடி உயரத்தில் இருந்தால், பாய்வு தொடங்குவதற்கு முன் வெற்றிடமானி 9 அங்குலத்தை ஒட்டி நிற்கும். பாய்வைக் கூட்டக் கூட்ட அது மெல்ல ஏறுவது இயல்பு. நாம் பாய்வைக் கூட்டாதபோதே அது ஏறினால் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது என்று பொருள். அது இறங்கி, முள் நடுங்கினால் எங்கோ காற்று உள்ளே வருகிறது: வடிகட்டி நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்து சுழி உண்டாக்குகிறதா, சக்‌ஷன் ஹோஸின் இணைப்பில் கேஸ்கட் பிசகியிருக்கிறதா, ஒரு வடிகால் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிகட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அடி தண்ணீர் இருப்பது நல்லது. ஹோஸ் பம்பின் நுழைவாயை விட உயரமாக எங்கும் வளைந்து நிற்கக்கூடாது, நின்றால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும்.

உங்கள் பயிற்சியில் கேட்ட சத்தத்தின் காரணம் இதுதான். இம்பெல்லரின் வாயில் அழுத்தம் மிகவும் குறைந்ததால் தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழிகளாகி, சற்றுத் தள்ளி அழுத்தம் கூடிய இடத்தில் அந்தக் குமிழிகள் வெடித்து நசுங்குகின்றன. ஒவ்வொரு நசுங்கலும் உலோகத்தில் ஒரு சிறு அடி. எஞ்சின் வேகம் ஏறியும் அழுத்தம் ஏறாமல் இருப்பதே அதன் முதல் அடையாளம். சத்தம் அதற்குப் பின்னர்தான் வரும். இதற்கு மருந்து த்ராட்டிலைக் குறைப்பது, அல்லது ஒரு டிஸ்சார்ஜைச் சற்று மூடிப் பாய்வைக் குறைப்பது. மனித இயல்பு அதற்கு நேர் எதிரானதைச் செய்யத் தூண்டுகிறது. ஆகவே இதைச் சொல்லித்தருவதால் பயனில்லை, கையால் பழக்க வேண்டும். நல்ல நீர்நிலையில், அனுபவம் உள்ளவர் பக்கத்தில் நிற்க, பாய்வை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், வேகம் கூடியும் அழுத்தம் நின்றுவிடும் அந்த எல்லையைத் தொட்டவுடன் பயிற்சி பெறுபவரே த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்கட்டும். சில விநாடிகள் இப்படிச் செய்வதால் பம்புக்குக் கேடு வராது. நெடுநேரம் ஓட்டுவதுதான் இம்பெல்லரை அரிக்கும்.

பயிற்சிக்கு முன்னால் வண்டியையும் சோதித்துக்கொள்ளுங்கள். எல்லா மூடிகளையும் வால்வுகளையும் அடைத்துவிட்டு, தண்ணீரில்லாத பம்பில் பிரைமரால் 22 அங்குல வெற்றிடம் உண்டாக்கி நிறுத்தினால், ஐந்து நிமிடத்தில் அது 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் கசிவு வண்டியில் இருக்கிறது. பயிற்சி பெறுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் அளவுள்ள பம்ப் 30 விநாடிக்குள் தண்ணீரைப் பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் பிரைமரை விட்டுவிட்டுக் கசிவைத் தேடுவதே முறை.

தென்திசைத் தன்னார்வலர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிராமத் தீயணைப்பு அமைப்பான சிஎஃப்ஏவின் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் டேங்கர் வண்டிகள் பலவற்றில் பம்புக்கெனத் தனி எஞ்சின் உண்டு. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே புல்வெளித் தீயில் தண்ணீர் அடிக்க அது தேவை. எனவே உங்கள் பம்ப் ஷிஃப்ட் சிக்கல் எங்களுக்கு இல்லை. ஆனால் இங்கே கற்ற ஒரு பாடம் உங்களுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

1998 டிசம்பர் 2 அன்று லின்டன் என்ற ஊரின் காட்டுத்தீயில், தண்ணீர் நிரப்பிவரப் போய்க்கொண்டிருந்த வண்டிகளைத் திசைமாறிய காற்று தீயோடு சூழ்ந்தது. ஜீலாங் வெஸ்ட் குழுவின் தன்னார்வலர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு எங்கள் அமைப்பில் அடிப்படைப் பயிற்சியும் வண்டிகளும் பெரிதும் மாற்றப்பட்டன. தொட்டியில் ஒரு பகுதித் தண்ணீர் குழுவினரின் உயிரைக் காப்பதற்கென்றே இருக்க வேண்டும், அதைத் தீயில் செலவிடக்கூடாது என்பது இன்று புதிதாகச் சேர்பவர் முதலில் கேட்கும் விதிகளில் ஒன்று. பம்ப் இயக்குபவர்தான் அந்த அளவைக் கவனித்துக்கொண்டிருப்பவர். தொட்டி எந்த மட்டத்துக்கு இறங்கும்போது அவர் தலைவரிடம் சொல்ல வேண்டும், எந்த மட்டத்தில் யாரையும் கேட்காமல் பின்வாங்கச் சொல்ல வேண்டும் என்பவை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பெரும்பாலான பயிற்சிகளில் விடுபட்டுப்போவது பேச்சு. அழுத்தத்தைக் குறைக்கப் போகிறேன், தொட்டித் தண்ணீரிலிருந்து குளத்துத் தண்ணீருக்கு மாறப் போகிறேன், பாதித் தொட்டிதான் இருக்கிறது என்பதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ரேடியோவில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் புகைக்கு நடுவே மண்டியிட்டிருப்பவர் ஹோஸ் திடீரெனத் தளர்ந்தால் என்ன நினைப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். எங்கள் குழுவில் பேனல் பயிற்சியின்போது பயிற்றுநர் வேண்டுமென்றே மூன்று பேரை ஒரே நேரத்தில் ரேடியோவில் பேசவைப்பார். இரவில், கையுறையோடு, தலைக்கவசத்தோடு, பக்கத்தில் இன்னொரு எஞ்சின் ஓடும் இரைச்சலில் பேனலை இயக்கச் சொல்வார். பகல் வெளிச்சத்தில் அமைதியாகச் செய்யத் தெரிந்தவரைத் தேறியவர் என்று நாங்கள் ஏற்பதில்லை.

சஸ்குவெஹன்னா தமிழன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெற்றிடமானியைப் பற்றிய விளக்கத்தை எங்கள் பயிற்சி அலுவலரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த பயிற்சியை அதை வைத்தே நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் வண்டியில் மின்னணுக் கவர்னர் இருக்கிறது. அது அழுத்தத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இளையவர்கள் பேனலை விட்டு விலகிவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சில மூத்தவர்கள் சொல்கிறார்கள். எது சரி? அடுத்து, ஆண்டுக்குச் சில தீ அழைப்புகளே வரும் ஊரில், கற்றதை மறக்காமல் வைத்திருக்க என்ன செய்கிறீர்கள்? ஹைட்ரன்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

பழைய எஞ்சின் ஓட்டுநர்

கவர்னரை விலக்கச் சொல்லும் மூத்தவர்களோடு நான் உடன்படவில்லை. இரண்டு ஹோஸ்கள் பாயும்போது ஒருவர் நாசிலைச் சட்டென மூடினால், மற்றவரின் கையில் அழுத்தம் எகிறாமல் எஞ்சினைத் தாழ்த்துவது அந்தக் கருவிதான். எந்த மனிதக் கையும் அவ்வளவு விரைவாக இயங்காது. ஆனால் அது டிஸ்சார்ஜ் அழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. வரும் தண்ணீர் குறையும்போது, கேட்ட அழுத்தத்தை எட்ட எஞ்சினை மேலும் மேலும் விரட்டும். ஓர் எல்லைக்கு மேல் தண்ணீர் இல்லை என்று உணர்ந்து எஞ்சினைத் தாழ்த்திவிடும். உங்கள் குளக்கரையில் பயிற்சி பெற்றவர் த்ராட்டிலைக் கையால் ஏற்றிக்கொண்டே போனதை, அப்படித் தாழ்த்துவதற்கு முன்பு அது தானாகவே செய்துவிடும். எனவே பிரைமர் போட்டுத் தண்ணீரைப் பிடிக்கும்வரை எஞ்சின் வேகத்தை மட்டும் நிலையாக வைக்கும் ஆர்பிஎம் முறையில் வைத்து, பாய்வு சீரானதும் அழுத்த முறைக்கு மாற்றுங்கள். அழுத்தம் மாறாமல் இருக்கும்போது எஞ்சின் வேகம் மட்டும் ஏறினால் அதற்கு என்ன காரணம் என்று உடனே தேடும் பழக்கத்தைக் கற்பியுங்கள். பேனலை விட்டு விலகுவதற்குக் கவர்னர் ஒரு காரணமே அல்ல.

எல்லா நாசில்களும் நெடுநேரம் மூடியிருந்தால் பம்புக்குள் அதே தண்ணீர் சுழன்று சுழன்று கொதிநிலையை நோக்கிப் போகும். அதைத் திடீரென ஹோஸில் விட்டால் பிடித்திருப்பவர் வெந்துபோவார். தொட்டிக்குத் திருப்பும் வால்வைச் சற்றே திறந்து தண்ணீரை நகர்த்திக்கொண்டே இருப்பதைப் பழக்கமாக்குங்கள்.

ஹைட்ரன்டில் கவனிக்க வேண்டியது, முதல் ஹோஸ் பாய்ந்த பிறகு உள்வரும் அழுத்தம் எவ்வளவு விழுந்தது என்பதைத்தான். பாய்வதற்கு முன் 60 பிஎஸ்ஐ இருந்து, பாய்ந்ததும் 54-க்கு இறங்கினால், அதாவது பத்து விழுக்காட்டுக்குள் விழுந்தால், அதே அளவு பாய்வுள்ள மூன்று ஹோஸ்களை இன்னும் திறக்கலாம். 51-க்கு இறங்கினால் இரண்டு. 45 என்றால் ஒன்றே ஒன்று. உள்வரும் அழுத்தம் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போகவிடாதீர்கள், ஊரின் குடிநீர்க் குழாய்க்கே அது தீங்கு. வால்வு எதுவாக இருந்தாலும் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடவேண்டும். ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் அதன் மோதல் ஹோஸையும் பம்பையும் சில வேளை தெருவுக்கடியில் இருக்கும் குழாயையும்கூட உடைத்துவிடும்.

மறதிக்கு எங்கள் குழு கண்ட வழி, வாராந்தர வண்டிச் சோதனையையே பயிற்சியாக மாற்றுவது. சோதனைக்கு வருபவர் பம்பை இணைத்துத் தொட்டித் தண்ணீரைச் சுழலவிட வேண்டும். அதற்கு முன்பே மூத்தவர் ஒருவர் ஒரு கோளாறை ஒளித்து வைத்திருப்பார்: ஒரு வடிகால் வால்வு திறந்திருக்கும், சக்‌ஷன் மூடியின் கேஸ்கட் இல்லாமல் இருக்கும், தொட்டியிலிருந்து வரும் வால்வு மூடியிருக்கும். கண்டுபிடித்த பிறகு, எந்த முள் காட்டிக்கொடுத்தது என்று அவர் சொல்ல வேண்டும். இதற்குச் செலவும் இல்லை, தனி நாளும் தேவையில்லை. முறையான தகுதிக்கு, முன்பு என்எஃப்பிஏ (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 1002 என்று இருந்து இப்போது 1010-இல் சேர்க்கப்பட்டுவிட்ட தரநிலையின் ஓட்டுநர்-இயக்குநர் பகுதியைப் பின்பற்றுங்கள்.

ஒன்டாரியோ வடக்கு

அண்ணா, நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவள். கற்பவரின் பக்கத்திலிருந்து ஒரு கருத்தைச் சேர்க்கிறேன். எங்கள் பயிற்றுநர் பேனலில் நிறுத்துவதற்கு முன்னால் எங்களை நாசிலில் நிறுத்தினார். 150 கேலன் பாயும் ஃபாக் நாசில் 100 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 76 பவுண்டு விசையோடு பின்னால் தள்ளுகிறது. ஒற்றைத் தாரையாக அடிக்கும் எட்டில் ஏழு அங்குல மென்துளை நாசில் 50 பிஎஸ்ஐயில் சற்றுக் கூடுதலான தண்ணீரையே தருகிறது, தள்ளுவதோ 60 பவுண்டுதான். இந்த வேறுபாட்டைத் தோளில் உணர்ந்த பிறகு, பேனலில் நின்று முள்ளை 20 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துவிட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சியில் இருவரை இணைத்து, ஒருவர் பேனலிலும் மற்றவர் நாசிலிலும் இருந்து, பிறகு இடம் மாறிக்கொள்ளச் செய்யுங்கள்.

எங்கள் பேனலில் ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் ஒரு நிறம் உண்டு; அதே நிறம் ஹோஸின் நாசில் பட்டையிலும் இருக்கும். சிவப்பு ஹோஸுக்குத் தண்ணீர் என்று ரேடியோவில் கேட்டால் நிறத்தைப் பார்த்தே கை போய்விடும். உயரம் குறைந்தவர்களுக்கு மேல் வரிசை முள்களைப் படிக்க ஓர் உறுதியான படி வேண்டும் என்பதையும் உங்கள் குழு கவனித்தால் நல்லது. எங்கள் குழுவில் அதை யாரும் யோசிக்காமல் இருந்ததால், முதல் சில மாலைகளில் நான் முள்ளைப் படிக்க எட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் ஊரிலும் பனிக்காலம் உண்டென்பதால் இதையும் சொல்கிறேன். உறைநிலைக்குக் கீழே நாசிலை முழுவதும் மூடக்கூடாது. சிறிதளவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளத்துச் சேறு போகும்வரை நல்ல தண்ணீரால் பம்பைக் கழுவி, எல்லா வடிகால் வால்வுகளையும் திறந்து வடித்துவிட வேண்டும். பிரைமர் குழாயிலும் அழுத்தமானிகளுக்குப் போகும் சிறு குழாய்களிலும் தங்கும் தண்ணீரைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிலையத்துக்குத் திரும்பித் தொட்டியை நிரப்புவதற்கு முன் அந்த வடிகால்களை மறுபடி மூடியவர் யார் என்பதைச் சோதனைப் பதிவேட்டில் கையெழுத்தோடு எழுதிவைப்பது எங்கள் வழக்கம்.